கோட்டாற்றில் பேர் வாங்கிய ஹெர்குலிஸ்

1979 வரை நாகர்கோவிலுக்கு ரயில் கிடையாது. மெட்ராஸிலிருந்து வரும் சரக்கு திருநெல்வேலி வரை எப்படி வந்தாலும், அங்கிருந்து லாரியில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித்தான் நாஞ்சில் நாட்டுக்குள் இறங்க வேண்டும். சைக்கிளும் அப்படித்தான் வந்தது. சைக்கிள் என்று சொல்வதுகூடச் சரியில்லை, வந்ததெல்லாம் உதிரி சாமான். பழுப்புத் தாள் சுற்றிய ஃபிரேம்கள், கயிற்றில் கோத்த ரிம்கள், கட்டுக்கட்டாகப் போக்ஸ் கம்பி, பெட்டிகளில் ஹப்பும் செயினும் பெடலும். கோட்டாறு, வடசேரி, மீனாட்சிபுரம் பக்கத்துக் கடைகளில் மெக்கானிக் ஒருவர் தரையில் உட்கார்ந்து பூட்டி முடித்த பிறகுதான் அது சைக்கிள் ஆகும்.

அதிலும் வீல் கட்டுவது தனி வித்தை. ஹப்பை மடியில் வைத்துக்கொண்டு கம்பிகளை ஒவ்வொன்றாக நுழைப்பார். ஒன்றின் மேல் ஒன்று போகும்படி பின்னி, ரிம் துளையில் நிப்பிள் போட்டுப் பிடிப்பார். முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பாரம் பின்னால் விழுகிறது என்பதால் இங்கிலாந்துக்காரன் போட்ட கணக்கு இது. பெரிய கறுப்பு சைக்கிளில் இன்றும் அதே கணக்குத்தான். கட்டிய சக்கரத்தை ஃபோர்க்கில் மாட்டிச் சுற்றிவிட்டு, விளிம்புக்கு அருகே சாக்பீஸை நீட்டிப் பிடிப்பார். எங்கே கோடு விழுகிறதோ அங்கே கோட்டம். அந்தப் பக்கத்துக் கம்பியை அரைத் திருகு தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியை அரைத் திருகு முறுக்கி, மறுபடி சுற்றுவார். சாக்பீஸில் எங்குமே உரசாமல் சக்கரம் ஓடும்வரை இந்த வேலை நடக்கும். அவர் எழுந்து முதுகை நிமிர்த்தும்போது ஃபிரேமின் நெற்றியில் கம்பெனி வில்லை மின்னிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அதில் இருந்த பெயர் ஹெர்குலிஸ்.

அந்தப் பெயரை வைத்தவர்கள் எட்மண்ட் கிரேன், ஹாரி கிரேன் என்ற சகோதரர்கள். இடம் பர்மிங்ஹாம், ஆண்டு 1910. அப்போது பர்மிங்ஹாமிலும் கவென்ட்ரியிலும் நாட்டிங்ஹாமிலும் சைக்கிள் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. நல்ல சைக்கிள் செய்யத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். ஆலைத் தொழிலாளியின் கூலிக்குக் கட்டுப்படியாகும் விலையில் நல்ல சைக்கிள் செய்ய வேண்டும் என்பதுதான் எட்மண்ட் கிரேன் பிடித்த வழி. ஒரு சைக்கிளில் வரும் லாபத்தைக் குறைத்து, சைக்கிள்களின் எண்ணிக்கையைக் கூட்டினார். 1930களில் உலகின் பெரிய சைக்கிள் கம்பெனிகளின் வரிசையில் ஹெர்குலிஸ் நின்றது. 1946இல் அவர் கம்பெனியை டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுக்கு விற்றார். பெயரே சொல்வதுபோல அது குழாய் செய்யும் கம்பெனி. சைக்கிள் ஃபிரேம் என்பது குழாய்தானே. குழாய் வாங்குகிறவனையே வாங்கிவிட்டால் வியாபாரம் கையை விட்டுப் போகாது என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

இந்தச் சமயத்தில் இந்தியா சுதந்திரம் அடைந்தது, இறக்குமதிக்குக் கடிவாளம் விழுந்தது. இங்கே செய்தால்தான் இங்கே விற்கலாம் என்ற நிலை. டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் தலைவர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டுக்கு மெட்ராஸில் கிடைத்த கூட்டாளி, பள்ளத்தூர் நகரத்தார் குடும்பத்து ஏ.எம்.எம். முருகப்ப செட்டியார். 1900இல் பர்மாவின் மோல்மீனில் லேவாதேவித் தொழிலைத் தொடங்கிய குடும்பம். உலகப் போர் பர்மாவைத் தொடுவதற்கு முன்பே முதலைத் தாய்நாட்டுக்குத் திருப்பிவிட்டது. 1949இல் இருவரும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார்கள். 1951இல் அம்பத்தூரிலிருந்து சைக்கிள் வெளிவர ஆரம்பித்தது. ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்று என்று பின்னால் பேசப்பட்ட அம்பத்தூர் எஸ்டேட் வருவதற்கு அப்போது இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது. அந்த வட்டாரத்தில் இன்றும் 'டி.ஐ. சைக்கிள்' ஒரு பஸ் நிறுத்தம், 'ஸ்டெட்ஃபோர்டு' ஒரு மருத்துவமனை. பர்மிங்ஹாம் முதலாளி ஒருவரின் பெயரைச் சொல்லி ஆட்டோக்காரரிடம் வழி கேட்கும் ஊர் அது.

வட்டிக்குக் கொடுத்து வாங்கிப் பழகிய குடும்பத்துக்கு, ஒரு டீலர் எவ்வளவு சரக்குத் தாங்குவார், எந்த மாதம் தவணை தவறுவார், யாரை நெருக்கலாம், யாரை விட்டுப் பிடிக்கலாம் என்பதெல்லாம் ஆள்முகம் பார்த்தே தெரிந்திருக்கும். என் ஊகம்தான் இது. ஆனால் சைக்கிள் வியாபாரத்தில் பாதி இதுதான் என்பது கடை வைத்தவர்களுக்குத் தெரியும்.

இங்கிலாந்துப் பெயர் ஒன்று கையில் இருந்தால் போதும், இந்தியாவில் விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஹெர்குலிஸைவிட ராலே பெரிய பெயர். கௌரவமான பெயரும்கூட. அந்தப் பெயரோடு சுதிர் குமார் சென் வங்காளத்தின் ஆசன்சோல் அருகே கன்யாபூரில் சென்-ராலே ஆலையைக் கட்டினார். ஏறக்குறைய அதே காலம், அதே மாதிரியான கூட்டு, அதே பாதுகாக்கப்பட்ட சந்தை. 1975இல் அந்த ஆலையின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது. 1980இல் நாட்டுடைமை ஆயிற்று. பிறகு மெல்ல மெல்ல மங்கிப்போனது. ஆக, கப்பலில் வந்த பெயர் மட்டும் யாரையும் கரை சேர்த்துவிடவில்லை.

அம்பத்தூரில் பெயருக்குப் பின்னால் நடந்த வேலையைப் பார்க்க வேண்டும். 1955இல் ஆவடியில் குழாய் ஆலை வந்தது. 1960இல் அமெரிக்காவின் டயமண்ட் செயின் கம்பெனியோடு சேர்ந்து செயின் ஆலை. விளக்குக்கும் டைனமோவுக்கும் டி.ஐ. மில்லர். சீட்டுக்கு ரைட் சாடில்ஸ். ஒவ்வொன்றாகச் சைக்கிளின் உறுப்புகளையே சொந்த வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். இது விளம்பரப் பலகையில் தெரியும் சமாசாரம் கிடையாது. நாகர்கோவிலில் செயின் அறுந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவருக்குத்தான் தெரியும். கடையில் கேட்டால் அதே தரத்தில் செயின் கிடைக்கும், மாட்டினால் பல்சக்கரத்தில் கச்சிதமாக உட்காரும். ராத்திரி வெளிச்சம் இல்லாமல் போனால் போலீஸ்காரர் பிடித்து நிறுத்தி, காற்றைப் பிடுங்கிவிடும் காலம் அது. பின்டயரில் உரசி 'உர்' என்று ஓடும் மில்லர் டைனமோ வைத்திருந்தவர் கொஞ்சம் மிடுக்காகவே போவார்.

வடக்கே வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அதையும் சொல்லாமல் இந்தக் கதை முழுசாகாது. இப்போது பாகிஸ்தானில் இருக்கும் கமாலியா என்ற ஊர்க்காரர்கள் முஞ்சால் சகோதரர்கள் நால்வர். அமிர்தசரஸில் சைக்கிள் சாமான் விற்க ஆரம்பித்து, பிரிவினைக்குப் பின் லூதியானாவில் நிலைத்தார்கள். சீட்டு செய்யும் கரீம் தீன் என்ற நண்பர் பாகிஸ்தானுக்குக் கிளம்பும்போது, அவர் தன் சரக்குக்கு வைத்திருந்த பெயரைத் தாங்கள் எடுத்துக்கொள்ளலாமா என்று ஓம் பிரகாஷ் முஞ்சால் கேட்டாராம். அவரும் சரி என்றாராம். ஹீரோ என்ற பெயர் வந்த கதையாக அந்தக் குடும்பமே சொல்வது இது. 1956இல் முழுச் சைக்கிள் செய்யத் தொடங்கிய அவர்கள் முதல் வருஷம் செய்தது 639. முப்பது வருஷத்தில், 1986இல், உலகிலேயே அதிகச் சைக்கிள் செய்யும் கம்பெனி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறினார்கள். அம்பத்தூர்க்காரர்கள் உறுப்புகளைச் சொந்தமாகச் செய்தார்கள். லூதியானாக்காரர்கள் ஊரையே உறுப்பு செய்ய வைத்தார்கள். பக்கத்துச் சந்தில் பெடல், எதிர்ச்சந்தில் மட்கார்டு, அடுத்த தெருவில் ரிம் என்று காலையில் செய்தது மாலைக்குள் ஃபிரேமில் ஏறும். கிடங்கில் சரக்குத் தூங்காது. விலை குறைந்ததில் ஆச்சரியம் இல்லை.

லூதியானாவின் சின்னச் சாமான்கள் தெற்கேயும் வந்து குவிந்தன. எல்லாக் கம்பெனியும் பழைய இங்கிலீஷ் அளவையே பிடித்துக்கொண்டிருந்ததால் ஹெர்குலிஸில் லூதியானா பெடல் ஏறும், ஹீரோவில் அம்பத்தூர் செயின் ஓடும். 28-க்கு ஒன்றரை டயர் எல்லாருக்கும் பொது. காட்டர் பின், பால்ஸ், வால்டியூப் எல்லாமே பொது. இதில் பிராண்டு என்று ஒருவர் எதை விற்க முடியும்? இரண்டு சைக்கிளையும் பிரித்துப் போட்டால் எது யாருடைய மட்கார்டு என்று சொல்வதே கஷ்டம்.

விடை மெக்கானிக்கிடம் இருந்தது. ஃபிரேமின் மூட்டுகளில் பித்தளை சரியாக உருகி ஓடியிருக்கிறதா என்பதை அவர் விரலால் தடவிப் பார்ப்பார். அடி மூட்டில் கப்பு முறுக்கும்போது மரை நேராகப் பிடிக்கிறதா என்று கை சொல்லிவிடும். மூன்று மழைக்காலம் கழித்து ஓவராயிலுக்கு வரும்போது பெயிண்டுக்குக் கீழே துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்பதை அவர் பார்க்கிறார். வாங்குகிறவர் பார்ப்பதில்லை. கடற்கரையிலிருந்து வரும் சைக்கிள் என்றால் உப்புக்காற்று ஒரே வருஷத்தில் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும். அவர் வாயைத் திறந்து 'இது நிக்கும்' என்று சொன்னால் அது நிற்கும். குளச்சலிலும் மணக்குடியிலும் அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு எந்த விளம்பரத்துக்கும் இருந்ததில்லை.

நாஞ்சில் நாடு சைக்கிளுக்கென்றே அமைந்த பூமி. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களின் வயல்வெளி தட்டையாகக் கிடக்கும். கல்குளம் தாண்டி விளவங்கோடு போய்விட்டால் ஏற்றமும் இறக்கமும்தான், அங்கே பாதி நேரம் சைக்கிளை நாம்தான் தள்ள வேண்டும். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் போய்விட்டால் காற்று ஒரு ஆளை உட்கார்ந்த வாக்கில் பின்னுக்குத் தள்ளும். முப்பந்தலில் காற்றாலைகளை நிறுத்துவதற்கு முன் அந்தக் காற்றின் பலத்தை அறிந்திருந்தவர்கள் சைக்கிள்காரர்கள்தான். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு இப்போது கண்ணாடியும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் கடைசி நாளில் இதே காற்றிடம்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சீசன் நேரத்தில் முக்கடல் சந்திப்பில் நின்று பாருங்கள், வாரத்துக்கு ஒருவராவது சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்.

அந்தக் காற்றிலும் விடியலில் தோவாளைக்கு மல்லியும் பிச்சியும் மூட்டையாக சைக்கிளில் வந்தன. கேரியரில் பலகை கட்டி, அதன்மேல் மீன்பெட்டி ஏற்றி, கடற்கரையிலிருந்து உள்ளூர்களுக்கு ஓடியவர்கள் உண்டு. பஸ்ஸில் மீன் ஏற்ற விடமாட்டார்கள், காலை பத்து மணிக்குள் விற்கவும் வேண்டும், பிரேக் பிடிக்காவிட்டால் போயிற்று. ஏத்தன் வாழைக்குலைகளை இருபுறமும் தொங்கவிட்டு, ஓட்ட முடியாமல் ஹேண்டில்பாரைப் பிடித்துக் கூடவே நடந்து சந்தைக்குப் போனவர்கள் உண்டு. மரச்சீனிக் கிழங்கு, நெல்மூட்டை, தேங்காய்க் கட்டு, கூடவே முன்னால் பாரில் ஒரு பிள்ளை. இந்தப் பாரத்தில் ஃபிரேம் பிளந்ததா, ஃபோர்க் வளைந்ததா என்பதுதான் ஊரறிந்த பரிசோதனை. கிரேன் சகோதரர்கள் பலசாலி என்று வைத்த பெயருக்கு நிரூபணம் கொடுத்தது இந்த மீன்பெட்டிகளும் வாழைக்குலைகளும். கம்பெனி இதற்காக இவர்களுக்குக் காலணா தந்ததில்லை.

பெயர் பரவ இன்னொரு வழியும் இருந்தது, வாடகை சைக்கிள். மணிக்கு இவ்வளவு என்று கடைக்காரர் நோட்டில் நேரத்தை எழுதிக்கொண்டு தருவார். யார் எப்படிக் கவிழ்த்துக்கொண்டு வந்தாலும் தாங்க வேண்டும் என்பதால் கடைக்காரர்கள் திடமான வண்டியாகத்தான் வாங்கிப் போடுவார்கள். கால் எட்டாமல் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்துப் பழகிய பையனுக்கு, முழங்காலைச் சிராய்த்த வண்டியின் பெயர் மறக்குமா? இருபது வயதில் கையில் காசு வந்து சொந்தமாக வாங்கும்போது அந்தப் பெயரைத்தான் கேட்டான்.

பையன்கள் வளர்ந்து கறுப்பு ரோட்ஸ்டர் அப்பாக்களின் வண்டி என்று முகம் சுளிக்க ஆரம்பித்தபோது, அம்பத்தூரின் கையில் இரண்டாவது பெயர் தயாராக இருந்தது. பி.எஸ்.ஏ. என்பதும் பர்மிங்ஹாம் சரக்கே. 1861இல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி அது. சைக்கிள் பிரிவு கைமாறிக் கைமாறி டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குடும்பத்துக்குள் வந்து சேர்ந்தது. பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். ஒல்லியானது, வேகமானது, கல்லூரிக்குப் போகிறவர் ஓட்டுவது. பாரம் ஏற்றினால் பார்க்கிறவர்களுக்கே மனசு கேட்காது. பிறகு லேடி பேர்ட் வந்தது. பார் இல்லாத ஃபிரேம், முன்னால் கூடை, கறுப்பை விட்டு வெளியே வந்த நிறங்கள். பெண்பிள்ளை சைக்கிள் ஓட்டுவதா என்று கேட்ட வீடுகளில், இது பெண்பிள்ளைக்கென்றே செய்தது என்று வாதாட ஒரு பொருள் கிடைத்தது. ஒரே ஆலை, ஒரே குழாய், மூன்று விதமான வீட்டுக்கு மூன்று பெயர். பிராண்டு வேலையில் அம்பத்தூரின் ஆகப் பெரிய சாமர்த்தியம் இதுதான் என்பேன்.

இடையில் சைக்கிள் தேர்தல் சுவர்களிலும் ஏறியது. 1996 தேர்தலில் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் சைக்கிள் சின்னத்தில் நின்றது. ரஜினி 'அண்ணாமலை' படத்தில் சைக்கிளோடு நின்ற சுவரொட்டிகள் சின்னத்துக்குத் தோதாக அமைந்தன. நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் அந்தக் கட்சியின் டென்னிஸ் 1996லும் 1998லும் ஜெயித்தார். சுவரில் வரைந்த சைக்கிளில் மட்டும் எந்தக் கம்பெனி வில்லையும் இல்லை.

இதற்குள் மீன்பெட்டி சைக்கிளை விட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. 1980இல் வந்த டி.வி.எஸ். 50 கொஞ்சம் கொஞ்சமாக எல்லாப் பாரத்தையும் எடுத்துக்கொண்டது. பாரம் சுமந்து சம்பாதித்த பெயருக்குப் பாரமே இல்லாமல் போனால் என்ன செய்வது? ஹெர்குலிஸ் பெயரைத் தடித்த டயரும் கியரும் உள்ள மலையேற்ற சைக்கிள்களில் போட்டார்கள். விலைகூடிய வண்டிகளுக்கு மான்ட்ரா என்று புதுப் பெயர் வைத்தார்கள், குளிரூட்டிய கடைகள் திறந்தார்கள். 2017இல் பஞ்சாபின் ராஜ்புராவில், அதாவது லூதியானாவின் வாசலிலேயே, ஆலை போட்டார்கள். எல்லாரும் இப்படித் தாக்குப்பிடிக்கவில்லை. ஜானகிதாஸ் கபூர் 1951இல் தொடங்கிய அட்லஸ் ஒரு காலத்தில் வடநாட்டின் செல்லப்பிள்ளை. அதன் சாஹிபாபாத் ஆலை மூடப்பட்ட நாள் 2020 ஜூன் 3. அன்று உலக சைக்கிள் தினம்.

தமிழ்நாட்டில் சைக்கிளைக் காப்பாற்றியதில் அரசுக்கும் பங்குண்டு. 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், சில வருஷத்தில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் விரிந்தது. ஆனால் டெண்டரில் பேசுவது விலை. பிள்ளை தேர்ந்தெடுப்பதில்லை, வருவதை வாங்கிக்கொள்கிறது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே மெக்கானிக்கிடம் நிறுத்தி நட்டுகளை ஒரு முறை முறுக்கிக்கொள்வது எல்லா ஊரிலும் வழக்கமாகிவிட்டது. எண்ணிக்கை கூடியது, பெயரோடு பிள்ளைக்கு இருந்த உறவு போய்விட்டது.

இந்த மாவட்டத்தைப் பற்றி ஒரு மனக்குறையும் எனக்குண்டு. தமிழ்நாட்டின் ரப்பர் என்றாலே குமரி மாவட்டம்தான். கீரிப்பாறையிலும் சிற்றாறிலும் அரசு ரப்பர் கழகத்துக்கு 1984 முதல் தோட்டங்கள் உண்டு, தனியார் தோட்டங்களோ எண்ணி முடியாது. அதிகாலையில் பால் வெட்டி, உறையவைத்து, ஷீட் அடித்து, புகை போட்டு, வெளியூருக்கு ஏற்றுகிறோம். டயராகத் திரும்பி வரும்போது அதில் வேறு ஊர்க்காரர் பெயர் இருக்கிறது. குழாய்க்காரர் சைக்கிள்காரர் ஆன கதை கண்முன்னால் இருந்தும், நானறிந்து நம் பால்காரர் யாரும் ஊரறிந்த ஒரு சைக்கிள் டயர்காரர் ஆனதில்லை.

நம் ரோட்ஸ்டரோ கடைசியில் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்குப் போகிறது. அங்கே தராசில் ஹெர்குலிஸும் ஹீரோவும் ஒரே விலைதான். பர்மிங்ஹாம் ஆலையின் உற்பத்தி எப்போதோ நாட்டிங்ஹாமுக்கு இடம் பெயர்ந்து முடிந்துபோனது. பெயர் மட்டும் அம்பத்தூர்க்காரர்களின் சொத்தாக இன்னும் ஓடுகிறது.

பள்ளிக்கூடம் திறக்குமுன் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது இணையத்தில் வாங்கினால் வீட்டுக்கே பெட்டியில் வருகிறது, இருபத்தொரு கியர், டிஸ்க் பிரேக், கேள்விப்படாத பெயர்கள். பணம் கட்டுவதற்கு முன் தெருமுக்கு மெக்கானிக்கிடம் படத்தைக் காட்டி, இதன் ஃப்ரீவீலும் பிரேக் கட்டையும் இங்கே கிடைக்குமா என்று ஒரு கேள்வி கேளுங்கள். 'இதுக்க சாமான் இங்க கிட்டாது, பாத்துக்கிடுங்க' என்று அவர் சொன்னால், என்ன தள்ளுபடி கொடுத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.